மாத்திரையோடு கஷாயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றி எழுதியபோது, நாட்டு மருந்து எதையேனும் சேர்த்து எடுப்பவர்கள் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஏன் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்ன நேரும், மூலிகைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எப்போதும் சரியாகவே இருந்தது. மூட்டுவலிக்காக உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த சூரணத்தை இரண்டு மாதமாகச் சாப்பிட்டார். இப்போது பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. பரிசோதனையில் ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டியிருக்கிறது. மாத்திரையின் அளவை நாங்கள் மாற்றவே இல்லை. ஒரு மூலிகைத் தூளால் இப்படி ஆகுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டேன், இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக அதை இங்கும் சொல்கிறேன். ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டி, ரத்தக் கசிவும் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சூரணப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே இதய மருத்துவரைப் பாருங்கள். அசிட்ரோமை எத்தனை வேளை நிறுத்தி வைப்பது, வைட்டமின் கே கொடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவர் பயந்துபோய்த் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டால், வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

இனி, எப்படி இப்படி ஆகிறது என்பதைப் பார்ப்போம். நாம் விழுங்கும் மாத்திரை குடலில் கரைந்து, குடல் சுவரைக் கடந்து, நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாயில் சேருகிறது. உடல் முழுவதும் சுற்றுவதற்கு முன்பே அது கல்லீரலைத் தாண்டியாக வேண்டும். அங்கே சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. மருந்தை வேதியியல் முறையில் மாற்றி, சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறத் தக்கதாக ஆக்குவது இந்த நொதிகளின் வேலை. குடும்பத்தில் பல உறுப்பினர்கள் இருந்தாலும், 3ஏ4 என்று எண்ணிட்டுச் சொல்லப்படும் ஒரே நொதிதான் இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ பாதியைக் கையாளுகிறது. அது கல்லீரலில் மட்டுமல்லாமல் குடல் சுவரிலும் இருக்கிறது. உங்கள் தந்தையின் அசிட்ரோமைக் கையாளுவது 2சி9 என்ற இன்னொரு நொதி. மருத்துவர் ஒரு மாத்திரையை நாளுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தரும்போது, அந்த நொதிகள் வழக்கமான வேகத்தில் வேலை செய்யும் என்ற கணக்கும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இந்த நொதிகள் மாத்திரைகளுக்காக உண்டானவை அல்ல. மனிதனும் விலங்குகளும் காலங்காலமாகத் தின்று வந்த செடிகொடிகளில் உள்ள காரமும் கசப்பும் நஞ்சுமான பொருள்களைச் செரித்து வெளியேற்றவே உடல் இவற்றை வளர்த்துக்கொண்டது. ஆகவே சூரணத்தில் உள்ள மூலிகைச் சத்தும் மாத்திரையில் உள்ள மருந்தும் ஒரே நொதியிடம் போய்ச் சேருவதில் வியப்பு இல்லை. அவ்வாறு சேரும்போது இரண்டில் ஒன்று நடக்கலாம். மூலிகைச் சத்து நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை மட்டுப்படுத்தலாம். அப்போது மாத்திரை வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கி, ஒரு மாத்திரை விழுங்கியவருக்கு இரண்டு மூன்று விழுங்கியதைப் போன்ற விளைவு ஏற்படும். அல்லது மூலிகைச் சத்து, கல்லீரல் செல்லைத் தூண்டி அந்த நொதியை வழக்கத்தைவிட அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கலாம். அப்போது மாத்திரை வேலை செய்வதற்குள் வெளியேற்றப்பட்டு, மருந்து எடுத்தும் எடுக்காதவர் போல நோயாளி இருப்பார். தடுப்பது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். தூண்டுவதற்குச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதனால்தான் பலரும் புதிதாகத் தொடங்கிய கஷாயத்தையும் பிறகு வந்த கோளாறையும் இணைத்துப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. சில மருந்துகள் கல்லீரல் நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யத் தொடங்குகின்றன. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் குளோப்பிடோக்ரெல் அப்படிப்பட்டது. அங்கே நொதி தடுக்கப்பட்டால் மருந்து தேங்குவதற்குப் பதில், செயல்படாமலேயே போய்விடும்.

உங்கள் தந்தையின் விஷயத்தில் வேறு இரண்டு காரணங்களையும் மனத்தில் கொள்ள வேண்டும். மூட்டுவலிச் சூரணங்களில் பெரும்பாலும் சேரும் சுக்கு, பூண்டு, மஞ்சள் ஆகியவை மருந்து அளவில் எடுக்கப்படும்போது ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கக்கூடியவை. கல்லீரல் நொதிக்குத் தொடர்பில்லாமலேயே ரத்தக் கசிவை அவை கூட்டும். இன்னொன்று கவலை தருவது. லேபிள் இல்லாமல், பொட்டலமாகவோ வெறும் டப்பாவிலோ விற்கப்படும் மூட்டுவலித் தூள்களில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளும் கலந்திருந்தது பலமுறை பரிசோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி மாயமாக மறைந்தால் அந்தத் தூளைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. அசிட்ரோமோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அதுவே அறிகுறி.

கீரையை நிறுத்த வேண்டுமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும், கூட்டாது. நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஒரே சீராக வைத்துக்கொண்டால் போதும். ஒரு மாதம் முழுவதும் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த மாதம் அறவே இல்லை என்று மாறுவதுதான் தொல்லை.

கேள்வி: சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தைத் தேனில் குழைத்துத் தினமும் எடுக்கிறேன். மருந்து உடலில் ஏறத் திரிகடுகம் உதவும் என்று எங்கள் சித்த மருத்துவர் சொல்கிறார். நீங்களோ நாட்டு மருந்தை மாத்திரையோடு சேர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்கிறீர்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவர் சொல்வதும் சரி, நான் சொல்வதும் அதே செய்திதான். பழைய மருந்து முறைகளில் இத்தனை மருந்துகளில் ஏன் திரிகடுகம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை ஜம்முவில் உள்ள வட்டார ஆய்வுக்கூடத்தில் சி.கே. அடலும் அவருடைய குழுவினரும் 1970-களின் இறுதியில் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தரும் பைப்பரின் என்ற பொருள், கூடவே கொடுக்கப்படும் மற்ற மருந்துகள் ரத்தத்தில் கூடுதலாகச் சேர வழி செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகளைப் பைப்பரின் மட்டுப்படுத்துகிறது. உள்ளே வரும் மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும் ஒரு புரதத்தையும் அது தடுக்கிறது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, 2009-இல் ரிசோரின் என்ற காசநோய் மருந்து இந்தியாவில் சந்தைக்கு வந்தது. அதில் ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராம், ஐசோநயாசிட் 300 மில்லிகிராம், பைப்பரின் 10 மில்லிகிராம். வழக்கமாக 450 மில்லிகிராம் தேவைப்படும் ரிஃபாம்பிசினை 200-ஆகக் குறைக்க அந்தப் பத்து மில்லிகிராம் பைப்பரின் போதுமானதாக இருந்தது. நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட ஒன்றை ஆய்வுக்கூடம் அளந்து காட்டிய மிக அழகான எடுத்துக்காட்டு என்று இதை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

1998-இல் பெங்களூருவில் நடந்த ஆய்வும் இதே வகையைச் சேர்ந்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் சாதாரணமாக ரத்தத்தில் சேருவதே இல்லை என்னும் அளவுக்குக் கல்லீரல் அதை விரைவாக மாற்றிவிடுகிறது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அது சுமார் 20 மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது. இன்று கடைகளில் விற்கும் மஞ்சள் கேப்சூல்களில் மிளகுச் சத்தும் சேர்க்கப்படுவதற்கு இந்த ஆய்வே காரணம்.

ஒரு மருத்துவர் அளந்து, தெரிந்து சேர்க்கும்போது நன்மையாக இருக்கும் இந்தக் குணம், அவருக்குத் தெரியாமல் நாமே சேர்க்கும்போது ஆபத்தாகிறது. பைப்பரின் தன்னோடு வரும் மருந்து எது என்று பார்ப்பதில்லை. ஃபெனிடோயின், புரோப்ரனலால், தியோஃபிலின் ஆகிய மூன்றின் ரத்த அளவும் பைப்பரினோடு சேர்த்துக் கொடுக்கும்போது கூடுகிறது என்று ஆரோக்கியமானவர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலாவது வலிப்புக்கும், இரண்டாவது இதயத் துடிப்பு, நடுக்கம் முதலியவற்றுக்கும், மூன்றாவது ஆஸ்துமாவுக்கும் தரப்படுபவை.

அப்படியானால் மிளகு ரசம் குடிக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். ஒரு கிராம் மிளகில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பைப்பரின் இருக்கும். ஆகவே ரசத்தில் ஒன்றுமே இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. மிளகு கலந்த சூப்போடு ஃபெனிடோயின் கொடுத்துப் பார்த்தபோதுகூட ரத்தத்தில் அதன் அளவு கூடியது. ஆனால் வீட்டில் எப்போதும் போல ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் மருத்துவர் மாத்திரையின் அளவைச் சரிபார்த்து நிறுத்தியிருக்கிறார். சாப்பாடு மாறாதவரை கணக்கும் மாறாது. புதிதாக, தினமும், தேக்கரண்டிக் கணக்கில் திரிகடுகமோ திப்பிலி லேகியமோ தொடங்கும்போதுதான் கணக்கு தவறுகிறது. நீங்கள் என்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. மாத்திரை எதுவும் இல்லையென்றால் இந்தப் பதிலில் உங்களுக்குக் கவலைப்பட ஏதுமில்லை. காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் யாரேனும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குறைத்து மிளகைக் கூட்டிவிட வேண்டாம் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு வலிப்பு நோய்க்காக ஃபெனிடோயின் கொடுக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வருவதால் ஞாபகசக்திக்குச் சங்கபுஷ்பி சிரப் வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம். இதற்கு நேரடியான முன்னுதாரணம் இருக்கிறது. வலிப்பு கட்டுக்குள் இருந்த இரண்டு நோயாளிகள், சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத சிரப்பை ஃபெனிடோயினோடு எடுக்கத் தொடங்கியபின் மீண்டும் வலிப்பு கண்டதை மும்பை மருத்துவர்கள் கவனித்து, எலிகளிலும் சோதித்து, 1992-இல் வெளியிட்டார்கள். பல வேளைகள் தொடர்ந்து கொடுத்தபோது எலிகளின் ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவு குறைந்தது. மருந்தின் வலிப்படக்கும் திறனும் குறைந்தது.

ஃபெனிடோயினைப் பற்றி இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கையாளும் கல்லீரல் நொதிக்கு ஓர் எல்லை உண்டு. சிகிச்சைக்குரிய அளவிலேயே அந்த எல்லை ஏறக்குறைய நிரம்பிவிடுவதால், மேலும் சிறிதளவு கூடினாலும் ரத்த அளவு பன்மடங்கு உயர்ந்து, கண் அசைவு நிலையில்லாமல் ஆடுவதும் நடை தள்ளாடுவதும் தொடங்கிவிடும். குறைந்தால் வலிப்பு, கூடினால் தள்ளாட்டம் என்ற குறுகலான இடைவெளியில் நிற்கும் மருந்து இது. இந்த மருந்தோடு எந்த மூலிகையையும் முன்யோசனை இல்லாமல் சேர்க்கக் கூடாது. தேர்வுக் காலத்தில் உங்கள் மகனுக்கு வேண்டியது வேளை தவறாத மாத்திரையும் குறையாத உறக்கமும். தூக்கம் கெடுவதே வலிப்பை வரவழைக்கும். இரவெல்லாம் விழித்துப் படிக்க விடாதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்காக இங்குள்ள மருந்தகத்தில் யொஹானிஸ்க்ரௌட் என்ற மூலிகை மாத்திரை வாங்கி எடுக்கிறேன். மூலிகைதானே என்று என் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லவில்லை. கருத்தடை மாத்திரையும் எடுக்கிறேன். இடையில் ரத்தப்போக்கு வருகிறது. தொடர்பு இருக்குமா?
– வாசகி, ஹாம், ஜெர்மனி

பதில்: இருக்கும் என்றே கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இது ஐரோப்பாவில் வளரும் மஞ்சள் பூச்செடி; ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பார்கள். லேசான மனச்சோர்வுக்கு உண்மையிலேயே பயன் தரும் மூலிகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதில் உலகிலேயே மிக நன்றாக ஆராயப்பட்ட மூலிகையும் இதுதான். இதில் உள்ள ஹைப்பர்ஃபோரின், கல்லீரல் செல்லின் உட்கருவில் உள்ள ஓர் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, 3ஏ4 நொதியை மேலும் மேலும் உற்பத்தி செய்யும்படி கட்டளையிடுகிறது.

2000-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தன. எச்.ஐ.வி.க்குத் தரப்படும் இண்டினாவிர் மருந்தை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இந்த மூலிகையோடு கொடுத்தபோது, ரத்தத்தில் அதன் மொத்த அளவு 57 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டில் சூரிச் நகரில், மாற்று இதயம் பெற்று நலமாக இருந்த இரண்டு பேருக்குப் புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. நிராகரிப்பைத் தடுக்க அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டிருந்த சைக்ளோஸ்போரின் மருந்தின் ரத்த அளவை இந்த மூலிகை கீழே இறக்கியிருந்தது.

கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களும் இதே நொதியால்தான் வெளியேற்றப்படுகின்றன. இடையில் வரும் ரத்தப்போக்கு, ஹார்மோன் அளவு குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் இருக்கிறது. முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு, மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூலிகையை நிறுத்தினாலும் நொதி பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் அதுவரை, மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லும்வரை, வேறு தடுப்பு முறையையும் சேர்த்துக் கையாளுங்கள். மனச்சோர்வைச் சிகிச்சை இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அதற்கு வேறு மருந்து எழுதித் தரும்போது, இந்த மூலிகையை எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் அந்த மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு இது சேர்ந்தால் மூளையில் செரோட்டோனின் அளவுக்கு மீறிக் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு உண்டாகும்.

கேள்வி: பம்பளிமாஸ் பழத்துக்கும் கொழுப்பு மாத்திரைக்கும் ஆகாது என்கிறார்களே?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: சிம்வாஸ்டாட்டின் எடுப்பவராக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ரோசுவாஸ்டாட்டின் என்றால் பயமில்லை. அது 3ஏ4 நொதியைச் சார்ந்தது அல்ல. பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றில்தான் மருந்தின் ரத்த அளவைக் கூட்டும் இந்தக் குணம் முதலில் தெரிய வந்தது. கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் ஃபெலோடிப்பின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மதுவைச் சேர்த்து ஆராய்ந்தபோது, மதுவின் சுவை தெரியாமல் இருக்க அந்தச் சாற்றைக் கலந்திருந்தார். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியதற்குக் காரணம் மது அல்ல, சாறுதான் என்று பிறகு தெரிந்தது. குடல் சுவரில் உள்ள நொதியை அது செயலிழக்கச் செய்துவிடுகிறது. புதிய நொதி உற்பத்தியாக இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிடுவதால் பயன் இல்லை.

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு டாக்ரோலிமஸ் எடுக்கிறேன். எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் சூரணமும், கல்லீரலைச் சுத்தப்படுத்தக் கீழாநெல்லியும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: இரண்டும் கூடாது. இந்தப் பகுதியில் நான் இவ்வளவு கறாராகப் பேசுவது அரிது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு வேறு மாதிரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்ரோலிமஸ் முழுக்க முழுக்க 3ஏ4 நொதியை நம்பியிருக்கும் மருந்து. அதன் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பதும் இதனால்தான். கீழாநெல்லிச் சாறு 3ஏ4 நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். மிளகுச் சத்தோடு கூடிய மஞ்சள் கேப்சூலும் உங்களுக்கு ஆகாது.

சீந்திலின் விஷயம் இன்னும் நேரடியானது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பதற்காகத்தான் உங்களுக்கு டாக்ரோலிமஸ் கொடுக்கப்படுகிறது. அதோடு, கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. சீந்திலுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் முடிச்சுப் போடுவது தவறு என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. தவறான கொடியைச் சீந்தில் என்று பயன்படுத்தியிருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், மாற்று உறுப்போடு வாழ்பவர் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர் அல்லர். கபசுரக் குடிநீரில் சீந்தில் சேர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தெருமுனையில் விநியோகிக்கும்போது எல்லாரும் குடிக்கிறார்களே என்று நீங்களும் வாங்கிக் குடித்துவிடக் கூடாது.

கல்லீரலைச் சுத்தப்படுத்துவது பற்றி: ரத்தத்தைச் சுத்தப்படுத்துவதே கல்லீரலின் வேலை. அதற்குத் தனியாகச் சுத்திகரிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

கேள்வி: என் அண்ணன் காசநோய் மாத்திரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. கண் மஞ்சளாக இருக்கிறது, வாந்தியும் இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு எங்கள் ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது வழக்கம். மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. கண் மஞ்சளானால் அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் சில மருந்துகளை நிறுத்தி, கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்வதுதான் மிகவும் ஆபத்தான வழி. அப்படித் தொடர்ந்து கல்லீரல் செயலிழந்து போனவர்கள் உண்டு.

கீழாநெல்லியின் புகழுக்கு ஓர் ஆய்வும் துணை நின்றது. 1988-இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 சதவீதத்தினரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது என்று வெளியிட்டார்கள். பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது ஹெபடைடிஸ் பி பற்றிய ஆய்வு. மாத்திரையால் வந்த காமாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று சொல்கிறார்கள். சரியா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: ஒரு வகைத் தொல்லைக்கு மட்டும் சரி. இசப்கோல், சங்கு பற்பம், பவழ பற்பம் போன்றவை குடலிலேயே மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு அது உள்ளே போகாமல் தடுக்கும். தைராய்டு மாத்திரை, டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் எடுப்பவர்கள் இடைவெளி விடுவது பயன் தரும். தைராய்டு மாத்திரைக்கும் சுண்ணச்சத்து உள்ள பற்பங்களுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது வேண்டும். கல்லீரல் நொதியின் வேகம் மாறிவிட்டால் அது அன்று முழுவதும், அடுத்தடுத்த நாள்களிலும் மாறியே இருக்கும். இடைவெளி அதற்குத் தீர்வாகாது.

கேள்வி: நாட்டு மருந்து எடுப்பதாகச் சொன்னால் மருத்துவர் திட்டுகிறார். சித்த மருத்துவரிடம் மாத்திரை பற்றிச் சொன்னால் அதை விட்டுவிடச் சொல்கிறார். யாரிடம் என்ன சொல்வது?
– வாசகர், திருவாரூர்

பதில்: இந்தக் கடிதம் என்னை வருத்தியது. திட்டும் மருத்துவரிடம் நோயாளி அடுத்த முறை மறைத்துவிடுவார். மறைத்தபின் மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சீட்டும் குருட்டுக் கணக்காகிவிடும். கல்லீரல் நொதிகளைக் குழப்புவது மூலிகைகளுக்கு மட்டும் உரிய குற்றம் அல்ல. ரிஃபாம்பிசின் அவற்றைத் தூண்டுகிறது. தோலில் வரும் படைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் தடுக்கிறது. அவற்றைச் சேர்க்கும்போது அளவை மாற்றிக்கொள்ளத் தெரிந்த மருத்துவர், மூலிகைக்கும் அதே கவனத்தைக் கொடுக்கலாம். அதேபோல, வலிப்பு மாத்திரையையோ இதய மாத்திரையையோ ஒரே நாளில் நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த முறை மருத்துவருக்கும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். எடுக்கும் எல்லாவற்றையும், லேகியம், சூரணம், இணையத்தில் வாங்கிய கேப்சூல் உட்பட, ஒரே பையில் போட்டு இரண்டு மருத்துவர்களிடமும் எடுத்துச் செல்லுங்கள். தொடங்கிய தேதியை ஒவ்வொன்றின் மேலும் எழுதி வையுங்கள். நிறுத்தினாலும் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். நொதியைத் தூண்டிக்கொண்டிருந்த மூலிகையைத் திடீரென்று நிறுத்தினால், உயர்த்தி வைத்திருந்த மாத்திரை அளவு அப்போது மிகையாகிவிடும். ரத்த உறைவு மருந்து, வலிப்பு மருந்து, மாற்று உறுப்புக்கான மருந்து, எச்.ஐ.வி. மருந்து, புற்றுநோய் மருந்து, டிகாக்ஸின், லித்தியம், கருத்தடை மாத்திரை இவற்றில் ஒன்றை எடுப்பவர்கள் புதிய மூலிகை எதையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் மயக்க மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தும்படி அவர் சொல்லக்கூடும்.

மூலிகையும் மாத்திரையும் சேர்ந்து தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம்; மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. சித்த மருந்துகளைப் பற்றித் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் எழுதலாம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், எடுத்த அளவு, கூடவே எடுத்த மாத்திரைகள், தொந்தரவு தொடங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மீதமுள்ள மருந்தைக் குப்பையில் போடாமல், லேபிளோடு பத்திரப்படுத்தி வையுங்கள். சோதித்துப் பார்க்க அது தேவைப்படலாம்.